குழி இல்லாத கோல்ஃப்

கலிபோர்னியாவின் ஓக் மரத்தோப்பு ஒன்றில் 1975ல் தொடங்கிய தட்டெறியும் விளையாட்டு இன்று உலகெங்கும் பொதுப் பூங்காக்களில் இடம் கேட்கிறது. இடம் கொடுக்கலாமா, கூடாதா? பதில் பெரும்பாலும் மைதானத்தை வடிவமைப்பவர் கையில் இருக்கிறது.

எறிமேடையில் ஏறி நிற்கிறவருக்கு முன்னால் ஓக் மரங்கள். கிளைகள் வளைந்து, தாழ்ந்து, சில தரையைத் தொடுவது போல இறங்கியிருக்கின்றன. நடுவே ஒரு சந்து. அதற்கப்பால் எழுபது எண்பது மீட்டர் தள்ளி, இடுப்பு உயரத்தில் ஓர் இரும்புக் கூடை. அதன் மேல் வளையத்திலிருந்து சங்கிலிகள் தொங்குகின்றன. கையில் இருப்பதோ சாப்பாட்டுத் தட்டைவிடச் சிறிய, சுமார் 175 கிராம் எடையுள்ள பிளாஸ்டிக் தட்டு. அதைச் சந்து வழியாக அனுப்பி மூன்றே எறிகளில் கூடைக்குள் போட வேண்டும். நேராக எறிந்தால் நேராகப் போகும் என்று நம்பும் புதியவரின் தட்டு பாதி தூரத்தில் இடப்பக்கம் சாய்கிறது. மரத்தில் 'டொக்' என்று மோதுகிறது. கொஞ்ச தூரம் எறிந்தவரை நோக்கியே திரும்பி வருகிறது. பின்னால் வரிசையில் நிற்பவர்கள் சிரிப்பதில்லை. அவர்களும் அந்த மரத்துக்குத் தப்பியவர்கள் இல்லை.

இடம், லாஸ் ஏஞ்சலீஸுக்கு வடக்கே பசடேனா நகரின் விளிம்பு. சான் கேப்ரியல் மலைகளின் அடிவாரத்தில் அர்ரோயோ செக்கோ என்ற ஆறு இறங்கும் இடத்தில் இருக்கிறது ஓக் குரோவ். ஆறு என்று சொல்வது மரியாதைக்குத்தான். ஸ்பானிய மொழியில் அந்தப் பெயருக்கே 'வறண்ட ஓடை' என்று பொருள். இன்று இந்தப் பகுதி ஹஹமோங்னா நீர்ப்பிடிப்புப் பூங்கா என்று அழைக்கப்படுகிறது. இங்கே முன்பு வாழ்ந்த டோங்வா பழங்குடியினரின் கிராமத்துப் பெயர் அது. உலகின் முதல் நிரந்தர டிஸ்க் கோல்ஃப் மைதானம் இந்தத் தோப்பில்தான் 1975ல் அமைந்தது. விளையாட நுழைவுச்சீட்டு இல்லை, உறுப்பினர் சந்தா இல்லை, காலர் வைத்த சட்டை அணிந்தாக வேண்டும் என்ற விதியும் இல்லை.

பக்கத்து வீட்டுக்காரர் யார் என்பதும் சுவாரஸ்யமானது. அமெரிக்க விண்வெளி நிறுவனத்தின் ஜெட் உந்து ஆய்வுக்கூடம் பூங்காவை ஒட்டியே இருக்கிறது. செவ்வாய் கிரகத்துக்கு வண்டிகளை அனுப்பிய கூடம். 1936 அக்டோபர் 31ல் ஃபிராங்க் மலினாவும் ஜாக் பார்சன்ஸும் இன்னும் சிலரும் இதே ஓடைப்படுகையில், டெவில்ஸ் கேட் அணைக்குச் சற்று மேலே, தங்கள் முதல் ராக்கெட் இயந்திரத்தைச் சோதித்துப் பார்த்தார்கள். சுமார் நாற்பது ஆண்டுகள் கழித்து அதே படுகையின் மேற்குக் கரையில் வேறொருவர் பறக்கும் தட்டுகளோடு வந்து சேர்ந்தார்.

தகர மூடியிலிருந்து சங்கிலிக் கூடை வரை

அவர் பெயர் எட் ஹெட்ரிக். வாம்-ஓ என்ற பொம்மைக் கம்பெனியில் வேலை. ஹுலா ஹூப் வளையத்தை உலகின் இடுப்பில் மாட்டிவிட்ட கம்பெனி அது. 1957ல் ஃப்ரெட் மாரிசன் என்பவரிடமிருந்து பிளாஸ்டிக் பறக்கும் தட்டின் உரிமையை வாங்கியது. மாரிசன் இளைஞராக இருந்தபோது தகர மூடியையும் கேக் சுடும் தட்டையும் கடற்கரையில் வீசி விளையாடியவர். அதைக் காசு கொடுத்து வாங்கவும் ஆள் இருக்கிறது என்று கண்டுகொண்டவர். கனெக்டிகட் மாநிலத்து மாணவர்கள் ஃப்ரிஸ்பி பேக்கரியின் காலித் தட்டுகளை எறிந்து விளையாடிய பழக்கம் காதில் விழ, வாம்-ஓ எழுத்தைக் கொஞ்சம் மாற்றி 'ஃப்ரிஸ்பீ' என்று பெயர் வைத்தது.

ஆனால் மாரிசனின் தட்டு காற்றில் ஆடியது. ஹெட்ரிக் அதன் மேற்பரப்பில் வட்ட வட்டமாக மெல்லிய வரம்புகளைச் சேர்த்தார். தட்டு நிலையாகப் பறந்தது. 1967 டிசம்பரில் அதற்குக் காப்புரிமை கிடைத்தது. கடற்கரைப் பொம்மையாக இருந்தது அதன் பிறகுதான் குறி பார்த்து எறியக்கூடிய சாதனமாயிற்று.

குறி பார்த்து எறிவது அதற்கும் முந்தைய ஆசை. 1926லேயே கனடாவின் பிளாட்வொர்த் என்ற சிற்றூரில் ரொனால்ட் கிப்சன் என்ற சிறுவனும் அவன் பள்ளித் தோழர்களும் தகர மூடிகளை எறிந்து கோல்ஃப் விளையாடியதாகப் பதிவு இருக்கிறது. பின்னர் அமெரிக்காவில் பல ஊர்களில் பலர் தனித்தனியாக இதையே கண்டுபிடித்தார்கள். விளக்குக் கம்பம், குப்பைத் தொட்டி, தண்ணீர்க் குழாய் எல்லாம் இலக்கு. யாரும் யாரையும் காப்பியடிக்கவில்லை. கையில் தட்டும் கண்ணெதிரே கம்பமும் இருந்தால் வேறு எதுவும் தோன்றாது போலும்.

ஹெட்ரிக் செய்தது, இதற்கு ஒரு நிலையான முகவரி வாங்கிக் கொடுத்தது. பூங்கா நிர்வாகத்தைச் சம்மதிக்க வைத்து ஓக் குரோவில் மைதானம் அமைத்தார். முதலில் நட்டவை வெறும் கம்பங்கள். தட்டு கம்பத்தில் பட்டால் ஆட்டம் முடிந்தது. கூட்டம் வந்தது. கூடவே சண்டையும் வந்தது. பட்டதா, உரசியதா, படவே இல்லையா? தூரத்தில் நிற்பவர் 'பட்டது' என்பார், கம்பத்தருகே நிற்பவர் 'இல்லை' என்பார். இந்த வாக்குவாதத்தைத் தீர்க்க ஹெட்ரிக்கும் அவர் மகன் கென்னும் சேர்ந்து சங்கிலிகள் தொங்கும் கூடையை உருவாக்கினார்கள். பறந்து வரும் தட்டின் வேகத்தைச் சங்கிலி வாங்கிக்கொள்ளும். தட்டு கூடையில் விழும். விழுந்ததை யாரும் மறுக்க முடியாது. 1977ல் அதற்கும் காப்புரிமை கிடைத்தது. இன்று உலகெங்கும் நடப்படும் கூடைகள் எல்லாம் அதன் பேரப்பிள்ளைகள்.

இடையே 1976ல் தொழில்முறை டிஸ்க் கோல்ஃப் சங்கத்தையும் அவர் தொடங்கினார். உறுப்பினர் எண் 1 அவரே. அந்த வரிசை எண் பின்னர் 2 லட்சத்தைத் தாண்டிவிட்டது. 'ஃப்ரிஸ்பீ' என்பது கம்பெனியின் வணிகப் பெயர் என்பதால், விளையாட்டுக்கு 'டிஸ்க் கோல்ஃப்' என்ற பெயரே நிலைத்தது. 2002ல் ஹெட்ரிக் இறந்தபோது, அவர் விருப்பப்படியே அஸ்தியைப் பிளாஸ்டிக்கில் கலந்து தட்டுகளாக வார்த்து நண்பர்களுக்கும் குடும்பத்தினருக்கும் கொடுத்தார்கள். எங்காவது ஒரு வீட்டுக் கூரையில் சிக்கிக்கொண்டு நிம்மதியாகக் கிடக்க வேண்டும் என்று வேடிக்கையாகச் சொல்லிக்கொண்டிருந்தவர் அவர்.

தட்டுக்கு ஒரு புத்தி

பந்து எறிந்த திசையில் போகும். தட்டு அப்படி இல்லை; அதற்கென்று ஒரு புத்தி உண்டு. இது புரியாதவருக்கு மைதானத்தின் வடிவமைப்பும் புரியாது.

வலக்கைக்காரர் ஒருவர் பேக்ஹேண்டில் எறியும்போது, மேலிருந்து பார்த்தால் தட்டு கடிகார முள் போலச் சுழல்கிறது. சுழலும் பொருளை ஒரு பக்கம் தள்ளினால் அது வேறு பக்கம் சாயும். பம்பரம் விட்ட எவருக்கும் தெரிந்த விஷயம். வேகமாகப் போகும்போது காற்று தட்டின் பின்பாதியைச் சற்றுத் தூக்குகிறது. அதன் விளைவாகத் தட்டு வலப்பக்கம் சாய்கிறது. வேகம் குறைந்து இறங்கும்போது காற்றின் தூக்கல் முன்பாதிக்கு மாறுகிறது. தட்டு இடப்பக்கம் சாய்கிறது. ஆகவே நல்ல எறி ஒரு நீண்ட, படுத்த 'ட' போல முதலில் கொஞ்சம் வலம், பிறகு நேர், கடைசியில் இடம் என்று போகும். இடக்கைக்காரருக்கு எல்லாம் தலைகீழ். வலக்கைக்காரரே ஃபோர்ஹேண்டில் எறிந்தாலும் தலைகீழ்தான்.

1983ல் டேவ் டன்னிபேஸ் விளிம்பைக் கூராகச் சரித்த ஒரு தட்டை வடிவமைத்தார். காற்றைக் கிழித்துப் போகும் வட்டு அது. அத்தோடு கடற்கரை ஃப்ரிஸ்பீயின் காலம் டிஸ்க் கோல்ஃபில் முடிந்தது. இப்போது ஆட்டக்காரரின் பையில் பத்துப் பதினைந்து தட்டுகள் இருக்கும். தூரத்துக்கு மெல்லிய விளிம்புள்ளவை, நடுத்தூரத்துக்குச் சற்றுத் தடித்தவை, கூடைக்கு அருகே ஆழமானவை. 2016ல் டேவிட் விகின்ஸ் ஜூனியர் எறிந்த தட்டு 338 மீட்டர் போனது. காற்று பலமாக வீசும் இடத்தைத் தேடிப் போய்ச் செய்த சாதனை அது என்றாலும், மூன்று கால்பந்து மைதான நீளம் என்பது கொஞ்சநஞ்சமல்ல.

இன்னொரு வேடிக்கை: தட்டுக்கும் வயதாகிறது. மரத்தில் மோதி மோதி விளிம்பு தேய்ந்த தட்டு புதிய தட்டைப் போலப் பறப்பதில்லை. இடப்பக்கம் திரும்பும் பிடிவாதம் குறைந்து, வலப்பக்கம் சாயும் குணம் கூடுகிறது. சிலர் ஒரே ரகத் தட்டில் புதியது ஒன்று, பாதி தேய்ந்தது ஒன்று, கிழடு ஒன்று என்று மூன்று வைத்திருப்பார்கள். எதிர்க்காற்றில் கிழட்டுத் தட்டை எடுப்பவர் அனுபவமில்லாதவர். அது கவிழ்ந்து தரையில் உருண்டு, போகக் கூடாத இடத்தில்தான் போய் நிற்கும்.

மரமே மதில்

பதினெட்டுக் கூடைகளை ஒரு பூங்காவில் நட்டுவிட்டால் மைதானம் ஆகிவிடாது. பல ஊர்களில் அப்படித்தான் செய்தார்கள், செய்கிறார்கள். புல்வெளியில் கூடை, அறுபது மீட்டர் தள்ளி மேடை, மறுபடி கூடை. இரண்டு முறை விளையாடியதும் அலுத்துவிடும்.

நல்ல மைதானம் ஒவ்வொரு மேடையிலும் ஆட்டக்காரரிடம் ஒரு கேள்வி கேட்கும். சந்து இடப்பக்கம் வளைந்தால் தட்டின் இயல்பே உதவும். வலப்பக்கம் வளைந்தால் ஃபோர்ஹேண்டில் எறிய வேண்டும், அல்லது தட்டை எதிர்ப்பக்கம் சாய்த்துப் பிடித்து, அது மனம் மாறுவதற்குள் இறங்கும்படி கணக்குப் போட வேண்டும். எல்லாக் குழிகளும் இடப்பக்கமே வளைந்தால் வலக்கைக்காரருக்கு விருந்து, இடக்கைக்காரருக்குத் தண்டனை. ஆகவே இரு பக்கமும் கலந்து வர வேண்டும். ஏறுமுகம் சில, இறங்குமுகம் சில. இறங்குமுகத்தில் தட்டு அதிக நேரம் காற்றில் நிற்கும், அதன் இடச்சாய்வும் அதிக தூரம் இழுத்துப் போகும். கூடையைச் சரிவின் விளிம்பில் நட்டால் கடைசி எறியில் ஒரு பயம் சேரும். தவறினால் தட்டு விளிம்பில் நின்று, சக்கரம் போல உருண்டு, முப்பது மீட்டர் கீழே போய்விடும்.

மரங்கள் நிறைந்த மைதானத்தில் இன்னொரு நியாயம் உண்டு. தவறுக்குத் தண்டனை இருக்க வேண்டும். நல்ல எறிக்குத் தண்டனை கூடாது. சந்தே இல்லாத இடத்தில் எறியச் சொன்னால் அது சீட்டுக் குலுக்கல். ஒரு சந்து தெளிவாக இருந்து, அதைப் பிடிக்கத் திறமை வேண்டும் என்றால்தான் ஆட்டம். துணிச்சல்காரருக்குக் குறுகிய நேர்வழியும், நிதானக்காரருக்குச் சுற்றுவழியும் இருந்தால் இன்னும் நல்லது. நேர்வழியில் வென்றால் இரண்டு எறியில் முடியும். தோற்றால் புதருக்குள் தட்டைத் தேட வேண்டியதுதான். கலிபோர்னியாவில் தேடுவதற்கு முன் இலையைப் பார்த்துக்கொள்வது நல்லது. தொட்டால் உடம்பெல்லாம் அரிக்கும் பாய்சன் ஓக் செடி அங்கே சர்வசாதாரணம்.

ஓக் குரோவ் இந்த விஷயத்தில் பழைய பள்ளிக்கூடம். இன்றைய போட்டி மைதானங்களோடு ஒப்பிட்டால் நீளமில்லை. அங்கே பலசாலிக்குத் தனிச் சலுகை எதுவும் கிடையாது. கிளைகளின் கீழே தாழ்வாக, அளவாக எறிகிற நடுவயதுக்காரர், நூற்றைம்பது மீட்டர் எறியும் இளைஞரைத் திணறவிடலாம். மரங்கள்தான் மதில்கள், கதவுகள், காவல்காரர்கள். மைதானத்தின் பெருமை முழுவதும் அவற்றுக்கே சேரும். அதே மரங்கள்தான் இந்த விளையாட்டின் மிகப் பெரிய பிரச்னையும். அதைப் பிறகு பார்க்கலாம்.

நடுவர் இல்லாத ஆட்டம்

விதிகள் எளிமையானவை. கூடைக்கு அதிக தூரத்தில் இருப்பவர் முதலில் எறிவார். தட்டு விழுந்த இடத்தில் சின்ன அடையாளத் தட்டை வைத்து, அதன் பின்னால் கால் ஊன்றி அடுத்த எறி. முப்பது விநாடிக்குள் எறிய வேண்டும். எல்லைக்கு வெளியே போனால் ஒரு எறி அபராதம். கூடையின் உச்சியில் போய் உட்கார்ந்த தட்டு கணக்கில் சேராது. நடுவர் பெரும்பாலும் கிடையாது. ஆட்டக்காரர்களே ஒருவரையொருவர் கண்காணித்துக்கொள்வார்கள்.

கூடையிலிருந்து பத்து மீட்டருக்குள் வந்துவிட்டால் விஷயம் முடிந்தது என்று பார்வையாளர் நினைப்பார். அங்கேதான் பலருக்குக் கை நடுங்கும். சங்கிலியின் நடுவில் பட்டால் மழை பெய்வது போல ஓர் ஓசை. ஓரத்தில் பட்டால் தட்டைச் சங்கிலி பிடித்து, யோசித்து, வெளியே துப்பும். அந்த ஓசைக்கு அடிமையானவர்கள் உண்டு. 2021ல் யூட்டா மாநிலத்து ஆக்டனில், ஒரு பொதுப் பூங்காவில் நடந்த உலகச் சாம்பியன் போட்டியின் கடைசிக் குழியில் ஜேம்ஸ் கான்ராட் சுமார் 75 மீட்டர் தூரத்திலிருந்து எறிந்த தட்டு நேராகச் சங்கிலிக்குள் போனது. போகாவிட்டால் ஐந்து முறை சாம்பியனான பால் மெக்பெத்துக்குக் கோப்பை. சமன் செய்து, கூடுதல் குழியில் கான்ராட் வென்றார். அந்தச் சில விநாடிப் படத்தை விளையாட்டின் பெயரே தெரியாதவர்களும் பார்த்தார்கள்.

மெக்பெத்துக்கும் பெரிய நஷ்டமில்லை. அதே 2021ல்தான் தட்டு தயாரிக்கும் கம்பெனி ஒன்று அவரோடு 10 ஆண்டுகளுக்கு 1 கோடி டாலர் ஒப்பந்தம் போட்டிருந்தது. அடுத்த ஆண்டு சாம்பியன் பட்டத்தையும் திரும்ப வாங்கிக்கொண்டார். பெண்கள் பிரிவில் 2022, 2023 இரு ஆண்டுகளும் பட்டம் எஸ்தோனியாவின் கிறிஸ்டின் தட்டருக்குப் போனது. வட ஐரோப்பாவில் இந்த விளையாட்டு அவ்வளவு ஆழமாக வேர்விட்டிருக்கிறது. 55 லட்சம் பேர் வாழும் பின்லாந்தில் மைதானங்கள் நூற்றுக்கணக்கில் இருக்கின்றன. அங்கே கோடையில் இரவு பத்து மணிக்கும் வெளிச்சம் இருக்கும், ஆட்டமும் இருக்கும். உலகம் முழுவதும் சேர்த்தால் மைதானங்கள் 15,000க்கும் மேல். பெரும்பாலானவற்றில் கட்டணம் இல்லை.

ஏக்கர் கணக்கு

நகராட்சிகள் இதை விரும்புவதற்குக் காரணம் கான்ராடும் மெக்பெத்தும் அல்ல, கணக்குப் புத்தகம். வழக்கமான 18 குழி கோல்ஃப் மைதானம் நூறு ஏக்கருக்கு மேல் விழுங்கும். புல்லுக்குத் தண்ணீர், உரம், பூச்சிமருந்து, வெட்டும் இயந்திரம், அதற்கு ஆள். டிஸ்க் கோல்ஃபுக்கு ஒரு குழிக்குச் சுமார் ஒரு ஏக்கர் என்பது தோராயமான கணக்கு. மேடு, பள்ளம், பாறை, மரம் என்று வேறெதற்கும் பயன்படாத நிலம் இதற்குப் பொருத்தம். தண்ணீர் வேண்டாம். ஒரு கூடை சில நூறு டாலர். ஒரு தட்டு பத்திலிருந்து இருபது டாலர். பள்ளி விட்டு வரும் பையன் ஒரே ஒரு தட்டோடு முழு ஆட்டத்தையும் ஆடிவிடலாம்.

இந்திய வாசகருக்கு இது கொஞ்சம் உறுத்தும். 1829ல் கல்கத்தாவில் கோல்ஃப் கிளப் தொடங்கிய நாடு இது. பிரிட்டிஷ் தீவுகளுக்கு வெளியே மிகப் பழமையானது. ஆனால் நம் நகரங்களில் கோல்ஃப் மைதானத்தின் பசுமையைப் பெரும்பாலோர் பார்ப்பது மதில்சுவருக்கு வெளியே போகும் பஸ்ஸிலிருந்துதான். தட்டெறிவது இங்கே புதிதல்ல. குழுவாக ஆடும் அல்டிமேட் ஃப்ரிஸ்பீக்குச் சென்னை பெசன்ட் நகர் கடற்கரையில் பல ஆண்டுகளாக ஆட்கள் சேர்கிறார்கள். டிஸ்க் கோல்ஃப்தான் இங்கே இன்னும் வேர் பிடிக்கவில்லை. அதற்கு முன் 'புல்வெளியில் நடக்காதீர்கள், விளையாடாதீர்கள்' என்ற பலகைகளைக் கழற்ற வேண்டியிருக்கும்.

பூங்கா யாருக்கு?

ஆனால் அந்தப் பலகைகளிலும் கொஞ்சம் நியாயம் இருக்கிறது என்பதை டெக்சாஸின் ஆஸ்டின் நகரம் கற்றுக்கொண்டது. அங்கே ஷோல் கிரீக் என்ற ஓடைக்கரையில் உள்ள பீஸ் பூங்காவில் இருபது ஆண்டுகளுக்கு மேல் ஒரு டிஸ்க் கோல்ஃப் மைதானம் இருந்தது. நகரின் நடுப்பகுதி, கட்டணம் இல்லை, மர நிழல். கேட்கவா வேண்டும்? கூட்டம் நாள் தவறாமல் வந்தது. ஒரே இடத்தில் ஆயிரக்கணக்கான கால்கள் மிதித்ததில் புல் போயிற்று; புல் போனதும் மண் இறுகிற்று; மழை வந்ததும் மேல்மண் ஓடைக்குப் போயிற்று. வேர்கள் வெளியே வந்தன. அடிபட்ட மரங்களில் பட்டை உரிந்தது. 2011 இறுதியில் நகராட்சி அந்த மைதானத்தை மூடியது. ஆட்டக்காரர்களுக்கு வேறொரு பூங்காவில் இடம் கிடைத்தது. அவர்களில் பலருக்கு மனக்கசப்பு தீரவில்லை. குப்பை பொறுக்கி, கரைக்குக் கல் அடுக்கி, தங்கள் சனிக்கிழமைகளை அந்தப் பூங்காவுக்குக் கொடுத்தவர்கள் அவர்களிலும் இருந்தார்கள். தவறு அவர்களுடையது மட்டும் என்று சொல்ல முடியாது. சில நூறு பேருக்குப் போதுமான இடத்தில் ஊரே வந்து ஆடியதுதான் கதை.

ஓக் மரம் இந்த விஷயத்தில் இன்னும் மென்மையானது. கலிபோர்னியக் கடலோர ஓக் நூறு, இருநூறு ஆண்டு வாழும், வறட்சியைத் தாங்கும், காட்டுத்தீக்குப் பின்னும் துளிர்க்கும். ஆனால் அதன் வேர்கள் மண்ணின் மேலடுக்கில் பரவி மூச்சு விடுகின்றன. மேலே மண் இறுகினால் மரம் உடனே சாகாது. பல ஆண்டுகள் எடுத்துக்கொண்டு, சத்தமில்லாமல் உச்சியிலிருந்து காயத் தொடங்கும். காரணம் கூடைதான் என்று யாருக்கும் தோன்றாது. 

ஹஹமோங்னாவில் போட்டி ஆட்டக்காரருக்கும் மரத்துக்கும் மட்டுமல்ல. 1920ல் கட்டிய அணையின் நீர்ப்பிடிப்பு இது. 2009ல் ஸ்டேஷன் தீ மலைகளை எரித்த பிறகு, மழையில் கரைந்து வந்த வண்டல் படுகையை நிரப்பிற்று. வெள்ள ஆபத்து என்று மாவட்ட நிர்வாகம் தூர்வாரக் கிளம்ப, பறவைகள் வாழும் வில்லோப் புதர்கள் போய்விடும் என்று இயற்கை ஆர்வலர்கள் கோர்ட்டுக்குப் போனார்கள். குதிரையில் வருகிறவர்கள், நாயோடு நடக்கிறவர்கள், சைக்கிள்காரர்கள், பறவை பார்ப்பவர்கள் எல்லோருக்கும் அங்கே பங்கு உண்டு. 2025 ஜனவரியில் ஈட்டன் தீ எதிர்க்கரையிலிருக்கும் ஆல்டடீனாவில் ஆயிரக்கணக்கான வீடுகளை எரித்த பிறகு, மலையடிவாரத்து மரம் ஒவ்வொன்றையும் மக்கள் பார்க்கும் கண்ணே மாறிவிட்டது.

நடக்கிறவர்களின் புகார் வேறு. சிறந்த ஆட்டக்காரர் கையிலிருந்து தட்டு மணிக்கு 110 கிலோமீட்டருக்கு மேல் வேகத்தில் கிளம்பும். கூரான விளிம்பு. தலையில் பட்டால் விளையாட்டு இல்லை. வடிவமைப்பாளரின் முதல் வேலை அழகான சந்து தேடுவது என்று ஆட்டக்காரர்கள் நினைக்கிறார்கள். உண்மையில் முதல் வேலை, நடைபாதை எங்கே, சீசா எங்கே, சாப்பாட்டு மேஜை எங்கே என்று வரைபடத்தில் குறித்துக்கொண்டு, தவறிப் போகும் தட்டு எங்கே போகும் என்று பார்ப்பது. நல்ல தட்டு போகும் பாதையை யார் வேண்டுமானாலும் வரையலாம். நூறு வலக்கைக்காரர்கள் எறிந்தால் தவறுகளில் பெரும்பகுதி எந்தப் பக்கம் குவியும் என்று தெரிந்தவர்தான் நடைபாதையை அதற்கு எதிர்ப்பக்கம் விடுவார். ஒரு மேடையும் முந்தைய கூடையும் மிக நெருங்கினாலும் அபாயம்தான்; ஒருவர் குனிந்து தட்டை எடுக்கும்போது இன்னொருவர் எறிவார். இட நெருக்கடியில் பதினெட்டைத் திணிப்பதைவிடப் பன்னிரண்டு போதும் என்று சொல்லும் வடிவமைப்பாளர் நகராட்சிக்கு நல்லது செய்கிறார். ஆனால் அப்படிச் சொல்பவருக்கு எங்கும் வரவேற்பு குறைவு.

மரங்களுக்குச் செய்யக்கூடியவை பெரிய செலவில்லாதவை. எறிமேடைக்குச் சிமெண்டோ ரப்பர் விரிப்போ போட்டால் அங்கே மண் பள்ளமாவது நிற்கும். கூடையைச் சுற்றியும் நடைவழியிலும் மரத்தூள் தடிமனாகக் கொட்டினால் மிதிபடும் மண் இறுகாது. மேடைக்கு நேரெதிரே நிற்கும், அதிகம் அடிபடும் மரத்துக்கு முன்னால் கட்டைக் கம்பங்களை நட்டுக் கவசமாக்கலாம். எல்லாவற்றிலும் முக்கியமானது கூடையின் அடியில் இருக்கிறது. நல்ல மைதானங்களில் ஒரு குழிக்கு ஒரே கூடைதான். ஆனால் அதைச் செருகத் தரையில் இரண்டு மூன்று இடங்களில் குழாய் பதித்திருப்பார்கள். ஒரு காலை, தன்னார்வலர்கள் இருவர் வந்து பூட்டைத் திறந்து கூடையைத் தூக்குகிறார்கள். பத்துப் பதினைந்து மீட்டர் தள்ளி அடுத்த குழாயில் செருகிப் பூட்டுகிறார்கள். பழைய இடத்தில் மண்ணைக் கிளறிவிட்டு, மரத்தூள் பரப்பி, சுற்றிலும் கயிறு கட்டுகிறார்கள். ஆட்டக்காரர்களுக்குப் புதிய சந்து, புதிய கணக்கு. கயிற்றுக்குள் இருக்கும் மரத்துக்கு அடுத்த மழைக்காலம் முடியும்வரை ஓய்வு.